ஆறு பீங்கான் வளையங்கள்

12-3-1974
கலியமூர்த்தியின் சூளையிலிருந்து வளையங்கள் வந்துவிட்டன. ஆறும் முழுசாக. விரலால் சுண்டிப் பார்க்காமல் இந்த ஊரில் யாரும் பீங்கானைக் கையில் வாங்க மாட்டோம். சுண்டினேன், விரிசல் சத்தம் எதிலும் இல்லை.

"ஜாடி, பொம்மை, பியூஸ் கட்டை எல்லாம் சுட்டிருக்கேன் சார். சூரியனுக்கு வளையம் சுட்டது இதான் மொதத் தடவ" என்றார் கலியமூர்த்தி.

மாவு மட்டும் என் மகள் அம்புஜவல்லி அகமதாபாத்திலிருந்து அனுப்பியது. சூரியனுக்குள் நடப்பதுபோல அணுக்களை ஒன்றுசேர வைக்க முடியுமா என்று பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அந்தச் சூட்டை எந்தப் பொருள் தாங்கும் என்பது அவள் வேலை. வெளிநாட்டு வளையம் வர ஒரு வருடம் ஆகுமாம். "நம்ம ஊர் சூளைச் சூட்டில் முழுசாக இறுகாது, நுண்துளை இருக்கும், பரவாயில்லை அப்பா" என்று எழுதியிருந்தாள்.

14-3-1974
என் மனைவி சொர்ணாம்பாள் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்தாள். மனக்குறையைக் காகிதத்தில் எழுதி முருகனிடம் கட்டிவிட்டு வருவது இங்கே வழக்கம். என்ன எழுதினாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

பார்சல் கட்டுமுன் அவள் கொண்டுவந்த விபூதியைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் தடவினேன். வெள்ளை மேல் வெள்ளை. யாருக்குத் தெரியப்போகிறது?

2-5-1974
வளையங்கள் கச்சிதமாகப் பொருந்தினவாம். கடிதத்தைச் சொர்ணத்துக்கு விளக்கினேன். பொங்கி வரும் பாலில் கையளவு தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடுகிறது அல்லவா? வளையத்துக்குள் கொதிக்கும் வாயுவும் அப்படித்தான். சுவரிலிருந்து துளி அழுக்கு கலந்தாலும் அடங்கிப்போகும். அழுக்கு விடாத சுவர் வேண்டும்.

"அப்ப இவ அடுப்படி வேலதான் பாக்குறா" என்றாள்.

19-6-1974
அம்புஜத்தின் கடிதம். இயந்திரத்தை நான்கு முறை ஓட்டியும் வாயு உடனே குளிர்ந்துவிடுகிறது. தன் மாவுக் கலவைதான் தப்பு என்கிறாள். ஆகஸ்டுக்குள் சரியாகாவிட்டால் இந்த ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்களாம். கடைசி வரி: "வீட்டுக்கே வந்துவிடுகிறேன் அப்பா. அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை இருக்குமா?"

சொர்ணம் அதற்குள் அவள் அறையைக் கூட்டத் தொடங்கிவிட்டாள். "கொளஞ்சியப்பர் காது குடுத்துட்டாரு. பொண்ணு வூட்டுக்கு வந்துடணும்னுதான் எழுதிக் கட்டுனேன்."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது.

20-6-1974
கடிதத்தின் இரண்டாம் தாளை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். வாயுவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அதில் கால்சியத்தின் கோடு தெரிகிறதாம். "என் மாவில் கால்சியமே கிடையாது. எங்கிருந்து வந்தது?"

இருபத்தெட்டு வருடம் ஒன்பதாம் வகுப்பில் கம்பியை நனைத்து, சுண்ணாம்பைத் தொட்டு, சுடரில் காட்டி, "பாருங்கள், செங்கல் நிறம், இதுதான் கால்சியம்" என்று சொன்ன வாத்தியார் நான். சாணத்தைச் சுட்ட சாம்பலில் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நுண்துளைக்குள் ஊறிப்போனது எத்தனை முறை கழுவினாலும் போகுமா?

21-6-1974
இன்று எழுதவில்லை அவளுக்கு. சும்மா இருந்தால் போதும் — வந்துவிடுவாள். பக்கத்திலேயே இருப்பாள்.

தன்னால்தான் கெட்டது என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டு இருப்பாளே. அத வச்சிக்கிட்டு நான் எப்பிடி அவ மொகத்தப் பாக்குறது?

22-6-1974
காலையில் எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டேன். திரும்பி வந்து சொர்ணத்திடம் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"கடுதாசி போய்ச் சேர நாலஞ்சு நாளாவும். அதுவரைக்கும் புள்ள அழுதுகிட்டு இருக்கவா? தந்தி அடிச்சிருக்கலாம்ல?"

மறுபடி போனேன். தந்தி குமாஸ்தா தாளை இரண்டு தடவை படித்தார். "சார், விபூதிக்கு இங்கிலீஷ்ல என்ன போடறது?"

"சாம்பல்னு போடுங்க. தப்பு அப்பாவோடதுன்னும் போடுங்க."

"யாராச்சும் தவறிட்டாங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். அவளும் அப்படிப் பயந்துவிடக் கூடாதே என்று 'எல்லோரும் நலம்' என்பதையும் சேர்க்கச் சொன்னேன்.

9-7-1974
மீதி மாவில் கலியமூர்த்தி மறுபடி ஆறு வளையம் சுட்டுவிட்டார். புதுத் துணியால் எடுத்துச் சுற்றினார். சுண்டிப் பார்க்கக் கை நீண்டது.

"தொடாதீங்க சார். நீங்க படிச்சவங்க, ஒங்கள நம்ப முடியாது."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

6-9-1974
உள்நாட்டுக் கடிதம். இத்தனை பெரிய தாளில் மூன்றே வரி. "கோடு இல்லை அப்பா. இன்னும் மூன்று வருடம் கொடுத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு நாலு நாள் வருகிறேன்."

நாலு நாள்.

சொர்ணம் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பிராதைத் திரும்ப வாங்கக் கோயிலுக்குப் போகிறாளாம்.

"நீ கேட்டது நடக்கலையே. நடந்தாத்தானே திரும்ப வாங்கணும்?"

"நல்லா கேட்டீங்க. நாம பாட்டுக்கு வுட்டுட்டு இருக்க, அவருக்கு நெனப்பு வந்து நடத்தி வச்சிட்டாருன்னா?"

வெயிலாக இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு நானும் கூடவே கிளம்பினேன்.