சிலைக்கு மலர்வளையம் வைத்த அன்று

அன்பு மகள் எரஸ்மியாவுக்கு அப்பா ஸ்ட்ராடிஸ் எழுதுவது. மெல்போர்னில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் கவிஞர் விழா நாளிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. காரணத்தை யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

நம் ஊர்க் கவிஞரின் காதல் கவிதைகளை எழுதியது அவரில்லை, அவர் மனைவிதான் என்று உன் புத்தகம் வந்ததிலிருந்து நம் காப்பிக்கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. வந்தவர்களும், "என்ன ஸ்ட்ராடிஸ், நம்ம மாதா கோயிலையும் எவளோ பொம்பளைதான் கட்டினான்னு உன் பொண்ணு அடுத்து எழுதுவாளா?" என்று கிண்டல். நானும் சிரித்துவைத்தேன். கவிஞர் விழாவில் சிலைக்கு மலர்வளையம் வைக்க நகரசபைத் தலைவர் த்ராஸோஸ் என்னையே கூப்பிட்டார், போய் வைத்தேன். மைக்கை நீட்டியதும், "என் பொண்ணு படிச்சவதான், கொஞ்சம் அவசரப்பட்டுட்டா, மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள், யாரோ ஊசோ மது ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது மகளே, அதை நினைத்தால்தான் இன்னும் முகம் எரிகிறது.

கூட்டம் கலையும்போது கவிஞரின் மகள் பொலிக்ஸேனி கம்பை ஊன்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். "அடுப்படியில உக்காந்து எங்கம்மா எழுதினதை நான் கண்ணால பாத்தவ. அப்பா பேரு கெட்டுரும்னு வாயை மூடியே கிழவியாயிட்டேன். உன் பொண்ணு ஒருத்திதான் எங்கிட்ட வந்து கேட்டா. அவளுக்காகப் போய் மன்னிப்புக் கேக்குறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்றாள். நீ ஏதென்ஸில் பட்டம் வாங்கியது முதல் மெல்போர்னில் பேராசிரியரானது வரை கடைக்கு வந்தவரிடமெல்லாம் பெருமையடித்தவன் நான், உன் புத்தகத்தில் பின்னட்டைப் படத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினேன். பாதி புரியவில்லை, ஆனால் அவள் சொன்ன அடுப்படி அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடை நிறைந்திருந்தபோது, "அவசரப்பட்டது என் பொண்ணு இல்ல, நான்தான். பயந்துபோய்ப் பேசிட்டேன். அவ எழுதினது நிஜம்" என்று எல்லோர் முன்னும் சொன்னேன். த்ராஸோஸ் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார், பின்னாலேயே இன்னும் சிலர். போகட்டும்.

நம் ஊர்க் கோடைக்கு வருவதாக எழுதியிருந்தாய். வா. ஊர் எப்படிப் பார்க்குமோ தெரியாது, துறைமுகத்தில் நான் நிற்பேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கவிதை எழுதிய அந்த அம்மாவுக்கு அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள ஒருநாளாவது ஆசை வந்திருக்குமா? உன் படிப்பைப் பற்றி அப்பா கேட்கும் முதல் கேள்வி இது, சிரிக்காதே.

மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும். பொலிக்ஸேனிக்கு மறக்காமல் இரண்டு வரி எழுது.

வெட்கத்தோடு,
உன் அப்பா
ஸ்ட்ராடிஸ்