வெறுங்குச்சி

கந்தர்வக்கோட்டை
10.8.2025

அன்பு மகள் ஹரிணிக்கு,

ஹாஸ்டலில் போன் கூடாதாம். அதனால் என் கிறுக்கலை நீ படித்தே ஆகணும். எல்லாரும் சுகம். அம்மாவுக்கு உன் நினைப்பு, எனக்கு அம்மாவின் ஏச்சு.

அறிவியல் கண்காட்சிக்காக நீ தோப்பில் ஊன்றிவிட்டுப் போன ரெண்டு குச்சியையும் தினம் பார்க்கிறேன். முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிய குச்சி கல்லாட்டம் நிக்குது. வெறுங்குச்சியில் கறையான் ஏறிருச்சு. பிள்ளை பொருளாச்சே, விடுவேனா? அதுக்கும் எண்ணெய் பூசிட்டேன். அந்த எண்ணெய்க் காரத்தில் கை கொப்புளமாயிருச்சு, பரவாயில்லை. அப்பா காப்பாத்தினார்னு திலகவதி டீச்சர்கிட்டே சொல்லு.

உன் அப்பா,
நாகராசு

புதுக்கோட்டை
14.8.2025

அப்பாவுக்கு,

கைக்குத் தேங்காய் எண்ணெய் போடுங்க.

வெறுங்குச்சி வெறுமனே இருக்கணும்ப்பா. அதைக் கறையான் தின்னாத்தான் மத்ததை எண்ணெய் காப்பாத்துச்சுன்னு சொல்ல முடியும். பாத்து எழுதுங்க, தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன். இனிமே புதுசா ஊன்ற நேரமில்லை.

ஹரிணி

கந்தர்வக்கோட்டை
18.8.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' எங்கேன்னு அம்மா தேடுறா. பத்தாவதை ரெண்டு தடவை எழுதியும் தாண்டாத என் மூளைக்கு இவ்வளவுதான் எட்டுச்சு.

ஒரு வழி இருக்கு. ஆவுடையப்பன் மாமா வேலியில் கறையான் தின்ன குச்சி கிடக்கு. ஒண்ணைப் பிடுங்கி பஸ்ஸில் கொடுத்துவிடட்டுமா? டீச்சருக்கு எங்கே தெரியப்போகுது?

அப்பா

புதுக்கோட்டை
24.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மாமா வேலிக் குச்சி வேண்டாம். நடந்ததை டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். கண்காட்சிக்கு எனக்குப் பதிலா என் வகுப்பு மணிமேகலை போறா. எனக்கு அழுகையா வந்துச்சு.

டீச்சர் திட்டலை. "கறையான் ஏறின பிறகு பூசினா என்ன ஆகும்?"னு கேட்டாங்க. தெரியலைன்னேன். "எனக்கும் தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு நீயே யோசி"ன்னுட்டாங்க.

யோசிச்சேன். பக்கத்தில் இன்னொரு வெறுங்குச்சி ஊன்றுங்க. மூணையும் பாத்து எழுதுங்க. தொடாதீங்க.

ஹரிணி

கந்தர்வக்கோட்டை
12.10.2025

அன்பு மகளுக்கு,

பதில் தெரியாத டீச்சருக்கும் சம்பளம் தர்றாங்களேன்னு முதலில் சிரிச்சேன். இப்ப விடிஞ்சதும் மாட்டைக்கூடப் பாக்காம தோப்புக்கு ஓடுறேன்.

புதுக்குச்சியைக் கறையான் தின்னு சாய்ச்சிருச்சு. எண்ணெய் டப்பா பக்கத்திலேயே இருந்துச்சு. கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். தோப்பு வச்சிருக்கிறவனுக்கு அது லேசில்லை, தாயி. நீ பூசின குச்சி அப்படியே நிக்குது.

நான் காப்பாத்தின குச்சிதான் வெளியே மினுமினுக்குது. ஆனா அடியில் மண் உதிருது. உள்ளே கறையான் தின்னு வெறும் கூடாயிருக்கும்னு சந்தேகம். இதை எழுதாம விட்டிருந்தா என் மானம் தப்பிச்சிருக்கும்.

பிளந்தா தெரிஞ்சிரும். அரிவாள் கையில்தான் இருக்கு. தீபாவளிக்கு நீ வருவேல்ல, அதுவரைக்கும் தொடமாட்டேன்.

அப்பா