நூறு, இருநூறு

ஜூன் 8, சனி

இன்றும் மனைவியை மாடிக்கு அனுப்பிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் இதுதான் என் இடம். கீழ்த்தளத்தில் டிரைவிங் ஸ்கூல். இரண்டாவது மாடியில் டெய்லர் அக்காவின் தையல் கூடம். சனிக்கிழமை மதியத்துக்குமேல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போடுவார்கள். பிரசவத்தில் பிள்ளையை இழந்த அம்மாக்கள் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். டெய்லர் அக்கா டாக்டர் இல்லை, ஆலோசகரும் இல்லை. இரட்டைப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அதுதான் அவருடைய படிப்பு.

கணவர்கள் படிக்கட்டில். பேக்கரிக்காரர் விற்காமல் மிஞ்சிய பன்களைப் பையில் கொண்டுவருவார். இன்னொருவர் வங்கிக் கவுண்டரில் வேலை செய்கிறார், அதனால் அவர் பெயர் டோக்கன். கார் மைலேஜ், கழுத்து வலி, வீட்டு ஓனர் என்று மூன்று பேரும் ஓயாமல் பேசுவோம். மூவர் வீட்டிலும் ஒரு பிள்ளை போயிருக்கிறது. அதை மட்டும் தொட மாட்டோம்.

“மேல அழுகை, நடுவுல மைலேஜ், கீழ ரிவர்ஸ் கியர். நல்ல பில்டிங்தான்” என்பார் டோக்கன்.

லிஃப்ட் ஒன்று இருக்கிறது, ஓடாது. நான் லிஃப்ட் மெக்கானிக். இதை வைத்து அவர்கள் என்னைக் கலாய்க்காத நாள் கிடையாது. லீவு நாளில் லிஃப்டைத் தொட்டால் கை அழுகிவிடும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் பால்கனிக் கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் பட்டதும் வழக்கம்போல இரண்டு தும்மல். நான் எதுவும் சொல்லாமல் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். சாவி என் கையில்தான் இருந்தது.

ஜூன் 22, சனி

டெய்லர் அக்கா கழுத்தில் அளவு டேப்போடு பாதிப் படிவரை இறங்கிவந்து, நாற்காலி காலியாக இருக்கிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். மூன்று பேர் வாயிலும் பன். பேக்கரிக்காரர்தான் முதலில் விழுங்கினார்.

“நாங்க சும்மா கூட்டிட்டு வந்தவங்கக்கா.”

“சும்மாவா?” என்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு டோக்கன் டயர் விலையை ஆரம்பித்தார், நாங்களும் பிடித்துக்கொண்டோம்.

திரும்பும்போது இவள் ஒரு குண்டைப் போட்டாள். கீழே டிரைவிங் கிளாஸில் சேர்ந்துவிட்டாளாம். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியுமா என்றேன்.

“உங்களையே இத்தனை வருஷமா ஓட்டறேன். அதைவிடவா கஷ்டம்?”

பிப்ரவரியில் பிள்ளை போனதற்குப் பிறகு இவள் என்னைக் கேலி செய்தது இதுதான் முதல் தடவை. சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். திட்டட்டும்.

ஜூலை 3, புதன்

துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“அவ கண்ணைத் திறந்தாளா?”

“இல்ல” என்றேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

இந்த டைரி, இவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரை விளம்பரம். இன்றைய பக்கத்தில் நெஞ்செரிச்சலுக்கு. பொருத்தம்தான். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ரத்தப்போக்கு நிற்காததால் இவளுக்கு முழு மயக்கம் கொடுத்திருந்தார்கள். கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துணியில் சுற்றிக் கொடுத்ததைத்தான் இவள் மடியில் வாங்கினாள். உயிரோடு மகளைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இதயம் சரியாக உருவாகவில்லை, செய்வதற்கு ஒன்றுமில்லை, அப்பா கையிலேயே இருக்கட்டும் என்று நர்ஸ் என்னிடம் கொடுத்தார். சூடு குறையாமல் இருக்க ஒரு விளக்கின் கீழே உட்காரச் சொன்னார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் மகள் தும்மினாள். ரப்பர் பொம்மையை அமுக்கினால் வருமே, அவ்வளவு சத்தம்.

என் வாய் என்னைக் கேட்கவில்லை. “நூறு” என்றேன். மறுபடி தும்மினாள். “இருநூறு” என்றேன்.

தும்மினால் நூறு, மறுபடி தும்மினால் இருநூறு. எல்லா வீட்டிலும் சொல்கிற வாழ்த்துதான். கல்யாணமான நாளிலிருந்து இவளுக்கு நான் ஒரு தும்மல்கூட விட்டதில்லை. நீங்கள் கொடுத்த வயசை எல்லாம் கூட்டினால் உலகம் அழிந்த பிறகு நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்பாள்.

ஒரு மணி நேரம்கூட இருக்கப்போகாத பிள்ளை. அதுக்குப் போய் நூறு வயசு குடுத்தேனே. எந்த வாயால இவகிட்ட சொல்றது? அன்றிலிருந்து யார் தும்மினாலும் அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று இவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் வலிக்கிறது.

ஜூலை 13, சனி

படிக்கட்டுக்குப் புது ஆள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நாற்பதைத் தாண்டியவர். கல்யாணமாகி வெகு காலம் கழித்து உண்டான பிள்ளையாம். அவர் மனைவி ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு ஏறினார். தையல் இன்னும் இழுக்கிறது போல. வாத்தியார் பின்னாலேயே இரண்டு கையையும் ஏந்தியபடி வந்தார். நாங்கள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டோம். பேக்கரிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அம்மா கையில் ஒரு பன்னைக் கொடுத்துவிட்டார். அவரும் அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனார்.

வாத்தியார் உட்காரத் தயங்கினார்.

“உக்காருங்க சார். ஹெட் ஆபீஸ் மேல. இது கிளை” என்றார் டோக்கன்.

வாத்தியார் கொஞ்சம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு கிழிபட்ட பெண்களெல்லாம் இந்தப் படியை ஏறுகிறார்கள். இவளும் மார்ச்சில் இப்படித்தான் ஏறினாள். நானும் கையை ஏந்திக்கொண்டுதான் பின்னால் வந்தேன். லிஃப்ட் மெக்கானிக்காம்! வெட்கமா இல்ல எனக்கு?

ஜூலை 14, ஞாயிறு

வாட்ச்மேனிடம் சாவி வாங்கி மொட்டை மாடி மெஷின் ரூமைத் திறந்தேன். வாத்தியார் டார்ச் பிடிக்க வந்திருந்தார். உள்ளே புறா எச்சமும் தூசியும். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. பேனலில் ஒரு ரிலே கருகியிருந்தது, கதவுப் பூட்டின் கான்டாக்ட் துருப்பிடித்திருந்தது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் ஏறினார்கள்.

தூசியில் வாத்தியாருக்குத் தும்மல் வந்தது. நான் பேசாமல் இருந்தேன். “நூறு” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்ல ஆளில்லாத இடத்தில் தானே சொல்லிக்கொள்வாராம்.

ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தேன். பேனலைப் பார்த்தபடியே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, தும்மல், நூறு, இருநூறு. அவர் பிடித்திருந்த டார்ச் வெளிச்சம் ஆடாமல் நின்றது.

பிறகு தன் பையனைப் பற்றிச் சொன்னார். தலை நிறைய முடியாம். மூச்சில்லாமல்தான் பிறந்தான், இருந்தாலும் விரலாலேயே வகிடு எடுத்துச் சீவிவிட்டாராம்.

“அந்தச் சிவப்பு வயர் சரியா மாட்டியிருக்கா சார்?” என்று உடனே கேட்டார். மாட்டவில்லை. மாட்டினேன்.

ஜூலை 27, சனி

லிஃப்ட் ஓடுகிறது! வாத்தியாரின் மனைவிதான் முதலில் ஏறினார். பெண்கள் எல்லோரும் மேலே போனபிறகு நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இனிப் படிக்கட்டுக்கு வேலை இல்லையே, கிளையை மூடிவிடுவார்களோ என்று டோக்கனுக்குக் கவலை. பேக்கரிக்காரர் பையைப் பிரித்தபடி அவருடைய படியில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம்.

பன்னை நீட்டியபடியே பேக்கரிக்காரர், “இருந்திருந்தா இந்த வருஷம் ஸ்கூல்ல சேர்த்திருப்போம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். டோக்கன் மைலேஜ் பேசவில்லை. பேக்கரிக்காரர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இந்த ஆட்களை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வெளியே சொன்னால் கலாய்ப்பார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

காரில் ஏறியதும், இனிமேல் தான் வரவில்லை என்றாள். மனசு ஆறிவிட்டதா என்று கேட்டேன். என்ன கேள்வி அது, முட்டாள்.

“எல்லாரும் அவங்கவங்க பிள்ளையைப் பத்தி ஒண்ணாவது சொல்றாங்க. வாத்தியார் வீட்டம்மாகூட இன்னைக்கு, என் பையனுக்கு அவங்கப்பா தலை சீவிவிட்டாருன்னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல. சும்மா உக்காந்துட்டு வர்றேன்.”

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் சொல்லிவிட்டார். மெஷின் ரூமில் என்னிடம் சொன்னதைக் கொண்டுபோய் வீட்டில் சேர்த்துவிட்டார். நான்? இவளுக்குச் சேர வேண்டியதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடுவரை ஓட்டிவந்தேன்.

சொன்னால் உடைந்துபோவாளோ? சொல்லாததாலேயே உடைந்துகொண்டிருக்கிறாளோ?

ஆகஸ்ட் 24, சனி

போகவில்லை. காரைக் கழுவினேன். கழுவின காரையே மறுபடி கழுவினேன்.

செப்டம்பர் 12, வியாழன்

இவளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கிறாள். சொன்னேன், தலையணை பறந்தது.

சனிக்கிழமை லிஃப்டுக்கு எண்ணெய் போட வேண்டும், ஒரு நடை போய்வருகிறேன் என்றேன்.

“லிஃப்டுக்கா, உங்களுக்கா?”

நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றாள்.

செப்டம்பர் 14, சனி

இவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். வாசலில் நிறுத்தினாள், பாதி கார் நடைபாதைமேல்.

“போய்ட்டு வாங்க. உங்களுக்கு அங்க பேச ஆளிருக்கு. நான் கீழ உக்காந்திருக்கேன்.”

இத்தனை மாதம் நான் செய்ததை இவள் எனக்குச் செய்கிறாள். படியேறினேன். டோக்கன் எழுந்து நின்று, வாடிக்கையாளர் திரும்பி வந்துவிட்டார் என்று அறிவித்தார். பேக்கரிக்காரர் எனக்கென்று போன தடவையும் ஒரு பன் எடுத்துவைத்திருந்தாராம், கடைசியில் அவரே தின்றுவிட்டாராம்.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டார். தலையாட்டினேன், இல்லை என்று.

“நீங்க சொன்ன நாள்லேருந்து உங்க பொண்ணை எனக்குத் தெரியும் சார். உங்க வீட்டம்மாவுக்குத் தெரியாது. எனக்கே அது ஒரு மாதிரியா இருக்கு.”

பன்னைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அதற்குள் எண்ணெய் போட்டாயிற்றா என்றாள். கண்ணாடி வழியே டிரைவிங் ஸ்கூல் போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவ தும்மினா. விளக்கு வெளிச்சம் பட்டதும். ரெண்டு தடவை. உன்னை மாதிரியே. நான் நூறுன்னு சொல்லிட்டேன். ரெண்டாவதுக்கு இருநூறுன்னு சொல்லிட்டேன். யோசிக்காம வாயில வந்துடுச்சு. மன்னிச்சுடு.

இவள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்தான், ஆனால் முகம் நான் பயந்த மாதிரி இல்லை.

“வெளிச்சத்துக்கா? ரெண்டு தடவையா?”

“ஆமா.”

“என் மூக்கு” என்றாள். மறுபடியும், “என் மூக்கு.”

பிறகு கேட்டாள்: “நீங்க சத்தமாவா சொன்னீங்க?”

ஆமாம் என்றேன்.

“வயித்துக்குள்ள இருந்து தினம் அதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தா. நான் தும்முவேன், நீங்க சொல்லுவீங்க. நான் தும்முவேன், நீங்க சொல்லுவீங்க. வெளிய வந்து அவ தும்மினதும் அதே குரல் கேட்டிருக்கு. அப்பா இங்கதான் இருக்காருன்னு தெரிஞ்சிருக்கும்ங்க அவளுக்கு.”

என்னால் உட்காரவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இவள் என் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். நடைபாதையில் போனவர் ஒருவர், வண்டியை இப்படியா நிறுத்துவது என்று கேட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 28, சனி

இன்றும் இவள்தான் ஓட்டினாள். முழுக் காரும் தெருவிலேயே நின்றது.

இறங்கியதும் சாயங்கால வெயில் நேராக முகத்தில். தும்மினாள். “நூறு” என்றேன். அப்படியே நின்று காத்திருந்தாள். இரண்டாவதும் வந்தது. “இருநூறு” என்றேன்.

மேலே படியிலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்த டோக்கனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லிஃப்டுக்குள் போனாள். கதவை மூடுமுன் என்னைப் பார்த்து, இன்னைக்கு முதல்ல நான்தான் பேசப்போறேன் என்றாள்.

நான் என் படியில் போய் உட்கார்ந்தேன்.