ஒற்று மிகும் இடம்

மார்ச் 4

என் நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் உடம்பெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஒற்றுவின் கைவரிசை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். க், ச், த், ப் விட்டுப்போன இடத்தைக் கண்டால் எலியைக் கண்ட பூனைதான். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே நான். என்னைச் சிறைக்குள் தள்ளிய கட்டுரையிலும் ஒற்றுகள் விட்டுப்போயிருந்தனவாம். “அதுக்கே உன்னை உள்ள வைக்கலாம்டா” என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தான்.

இப்போதெல்லாம் வேண்டுமென்றேதான் சில இடங்களில் விட்டுவைக்கிறேன். அவனுக்கும் ஒரு சந்தோஷம் வேண்டுமே.

இந்தக் கடிதத்தின் அடியில்: “சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சு. ஒரு கண்ணு ராஜினாமா பண்ணிடுச்சு. இன்னொன்னு நோட்டீஸ் கொடுத்திருக்கு. சீக்கிரம் முடி.”

சிரித்தேன். பிறகு பயம் வந்தது. இந்த நாவலை அவன் தன் கண்ணால் வாசிக்க வேண்டும். வேறு யார் வாசித்து என்ன?

மார்ச் 11

இங்கே எனக்குப் புத்தகம் தைக்கும் வேலை. பசை வாசனை வந்தாலே அச்சக மாடிதான் ஞாபகம். கீழே இயந்திரம் ஓடினால் மேலே தேநீர் டம்ளர் மேசையில் தானாக நகரும். தாளிலிருந்து கண்ணெடுக்காமலே, விழப்போகும் டம்ளரைப் பிடித்துவிடுவான். “காதுல கேக்காத எழுத்து கண்ணுக்கு எதுக்குடா?” என்பேன். “கேக்கும். உன் காதுலதான் பஞ்சு” என்பான். ஒரு ‘ப்’புக்காகச் சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்தினோம். பிறகு யார் முதலில் பேசியது என்பதில் இன்றுவரை தகராறு.

என்ன நாட்கள் அவை! அந்த மாடிக்கு ஒரே ஒரு சாயங்காலம் போய்வர விட்டால் போதும் என்றிருக்கிறது.

மார்ச் 20

மனைவி வந்தாள். கம்பி வலைக்கு மேலே பலகை: ‘கைதிகளை பார்க்கும் அறை’. ‘ப்’ எங்கே? அவளிடம் காட்டினேன். “இவ்வளவு தூரம் உங்களைப் பார்க்க வந்தா, நீங்க பலகையைப் பார்க்கிறீங்க” என்றாள். நியாயம்தான். ஆனாலும் ஒற்றுவுக்கு இன்றே எழுதிப்போட்டேன்.

ஏப்ரல் 9

பதில் இல்லை.

ஏப்ரல் 28

இல்லை. பத்தாம் அத்தியாயம் போய்ச் சேர்ந்ததா?

மே 15

கடிதங்களை வாசித்து அனுப்பும் அதிகாரி கூப்பிட்டார். மேசையில் ஒற்றுவின் கடிதம், பக்கத்தில் என் பத்தாம் அத்தியாயம். கடிதத்தில் ஒரு பத்தியின் கீழே கோடு போட்டிருந்தார்: ‘உள்ளே ஒற்று இல்லாதது பெருங்குறை. ஒன்று அனுப்பியுள்ளேன். யாருக்கும் தெரியாமல் பார்வையாளர் அறையில் நிறுத்திவிடு.’

“யாருய்யா அந்த ஒற்று? எங்க ஆளுங்கள்ல எவன் உனக்கு உளவு சொல்றான்?”

சிரித்தால் வம்பு. “ஐயா, அது ஆளில்லை, எழுத்து” என்றேன். அதோடு நிறுத்தினேனா? “ஆனா வெளிய ஒரு ஆள் பேரும் ஒற்றுதான்” என்றும் சொல்லித் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். விசாரணை முடியும்வரை கடிதம் கிடையாதாம்.

ஐயோ, அந்த ஒத்தைக் கண்ணு அதுவரைக்கும் தாங்குமா? எங்க கிண்டலே எங்களுக்கு வினையாப் போச்சே—

ஆகஸ்ட் 2

தடை நீங்கியது. யாரோ தமிழாசிரியரைக் கேட்டுத் தெளிந்திருக்கிறார்கள். பலகையில் ‘கைதிகளை’ என்பதற்கும் ‘பார்க்கும்’ என்பதற்கும் நடுவே, பேருந்தில் இடம் கிடைக்காதவனைப்போல ஒடுங்கி நிற்கிறது ஒரு குட்டி ‘ப்’. பத்தாம் அத்தியாயமும் போய்விட்டது.

ஆகஸ்ட் 30

அத்தியாயம் திரும்பி வந்தது. சிவப்பு மை ஒரு துளி இல்லை. கடைசிப் பக்கத்தில், கோட்டை விட்டு விலகி, பெரிதாக ஒரு சொல்: ‘அருமை’. என்னிடம் அவன் ஆயுளில் சொல்லாத சொல். நான் விட்டுவைத்த இடங்கள் எல்லாம் அப்படியே காலியாகக் கிடந்தன.

செப்டம்பர் 6

ஒற்றுவின் கண் எப்படி இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டேன். முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்: “உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. அண்ணிதான் வாசிச்சுக் காட்டுறாங்க.”

அதுதானே! வாய்விட்டு வாசித்தால் நாக்கே ஒற்றைச் சேர்த்துக்கொள்ளும். கேட்கிறவனுக்குக் குறை தெரியாது. அப்படியானால் அவன் சொன்னதுதான் சரி, ஒற்று காதில் கேட்கிறது. இத்தனை வருடச் சண்டையில் நான் தோற்றுவிட்டேன். அதை அவனிடம் சொல்லவும் வழியில்லை.

செப்டம்பர் 7

வேலை ஓடவில்லை. அழுதேன்.

நவம்பர் 18

கடைசி அத்தியாயத்தை அனுப்பினேன். இந்த முறை எதையும் விட்டுவைக்கவில்லை. தையல் மேசையில் உட்கார்ந்து, முணுமுணுத்துப் படித்து, ஒவ்வொரு ஒற்றையும் நானே போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

டிசம்பர் 10

பதில் வந்தது. எழுத்து அவன் மனைவியுடையது, பேச்சு அவனுடையது:

“முடிவு நல்லா இருக்குடா. ஏதோ சந்தேகம் வந்து, இவளை எழுத்தெழுத்தா படிக்க சொன்னேன். மத்தியானம் முழுக்க படிச்சா. நீ ஒன்னைக்கூட விடலையாமே. அப்போ உனக்குத் தெரிஞ்சுபோச்சு. பரவாயில்ல. அடுத்த கதையில நாலு இடத்துல விட்டுவை. இவ கண்டுபிடிக்க பழகட்டும்.”

இந்தக் கடிதத்திலேயே நாலு இடத்தில் ஒற்று இல்லை. அவள் தெரியாமல் விட்டாளா, அவன் சொல்லி விட்டாளா?

அதிகாரியிடம் ஒரு சிவப்புப் பேனா கேட்டிருக்கிறேன்.