ராஜா மாளிகையின் கடல் ஜன்னல்

தாது வருஷம், சித்திரை

ஆத்தா ஊட்டுல உம்முனு உக்காந்திருக்கும் என் மகராசிக்கு,

சௌக்கியமா வந்து சேர்ந்தேன். நம்ம தறியில நெய்த திரையெல்லாம் ராஜாவோட கடற்கரை மாளிகையில மாட்டியாச்சு.

இந்த மாளிகையோட கதையைக் கேட்டா நீ சிரிப்பே. இப்ப இருக்கிற ராஜாவோட தாத்தா, கோடைக்குத் தங்கறதுக்கு இதை ராணிக்குத் தெரியாமக் கட்டினாராம். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னு அந்தம்மா கோவிச்சுக்கிட்டு, கடல் பக்கத்து ஜன்னலுக்கெல்லாம் திரை போடச் சொல்லிட்டாங்களாம். அன்னையிலிருந்து அதுவே வழக்கம். கடலோரம் வந்தும் இந்த ஊட்டுக்குள்ளிருந்து யாரும் கடலைப் பாத்ததில்லை!

நான் நம்ம எடப்பாடி வெயிலுக்குப் போடறாப்பல கஞ்சியைக் கெட்டியாப் போட்டு, விறைப்பாத்தான் கொண்டுவந்தேன். கடல் காத்துல கஞ்சி ஊறி, திரையெல்லாம் மழையில நனைஞ்ச கோழியாட்டம் தொங்கிப் போச்சு. கழட்டிட்டேன். கஞ்சியைப் பத்தி அன்னைக்கு நீ சொன்னதையும், நான் கத்தினதையும் இங்க யாருகிட்டயும் சொல்லலை.

ராஜா வைவாருன்னு நடுங்கிட்டிருந்தேன். அவரோட அம்மாதான் முதல்ல உள்ளே வந்தாங்க. ஜன்னல் நெறையக் கடல். நாற்காலியை அவங்களே இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

"எங்க மாமியார் கோவத்துல நான் இத்தனை வருஷம் இதைப் பாக்காமப் போயிட்டேனே! இனித் திரையே வேண்டாம்" அப்படின்னாங்க.

ஒரு கோவம் மூணு தலைமுறைக்கு நின்னிருக்குது பாத்தியா? நமக்கு அவ்வளவு நேரமில்லை சாமி. வெள்ளிக்கிழமை ஆட்டையாம்பட்டிக்கு, உங்க ஆத்தா ஊட்டுக்கே வாரேன். நீ பேசக்கூட வேண்டாம், ஜன்னலை மட்டும் சாத்தாம வெச்சிரு.

இப்படிக்கு,
இனிமேல் கஞ்சியைக் குறைச்சுப் போடப் போறவன்