பூட்டாத பாடம்

ஜூன் 11
வேதியியல் பாடம் பதினான்கை இன்று நாலாவது தடவையாகப் பதிவு செய்தேன். மூன்று தடவையும் வாய் தவறி, "போன வாரம் பார்த்தோமே" என்று வந்துவிட்டது. எந்தப் போன வாரம்? இந்தப் பாடத்தை யாரோ எங்கோ தனியாக எடுத்துத் திறப்பார்களே! "ஓணப் பரீட்சைக்கு வரும்" என்றதையும் வெட்டினேன்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ராஜீவேட்டன், "டீச்சரே, கல்யாண வீடியோகூட இத்தனை தடவை எடுக்க மாட்டாங்க" என்றார்.

ஜூன் 13
இணையத்தில் ஏற்றிவிட்டேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், என் பெயரை மட்டும் விடக்கூடாது. பதினான்கு பாடத்துக்கும் அடியில் இதே வரிதான்.

ஜூலை 2
பிரின்சிபால் வர்க்கீஸ் சார் கூப்பிட்டார்.

"லிஜி டீச்சர், நம்ம அடுக்களையில வெச்ச கறிய ஊருக்கெல்லாம் இலை போட்டு விளம்பறீங்களாமே?"

"விளம்பினா கறி தீரும் சார். பாடம் தீராதே."

சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பாடங்களை வெளியிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். கல்லூரி முத்திரை போட்டு, கடவுச்சொல் வைத்து, நம் பிள்ளைகளுக்கு மட்டும். இல்லாவிட்டால் என் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு சரி.

ஜூலை 4
வெள்ளிக்கிழமை. எடுக்கவில்லை.

ஜூலை 9
"கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா என்ன, குடியா முழுகிடும்?" என்கிறார் ஷாஜு. கட்டின புருஷனே இப்படிப் பேசினா நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? திருடினேனா? குடுத்தேன், அவ்வளவுதானே! பயம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 31
வேலை போயிற்று. என் பாடங்களின் நகலைக் கல்லூரி பூட்டி வைத்துக்கொண்டது. வெளியில் இருப்பது வெளியிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 20
டவுனில் டியூஷன் நடத்தும் ஒரு பேரலல் காலேஜில் வகுப்பு கிடைத்தது. மாலையில் காசர்கோட்டிலிருந்து வினுதா என்றொரு டீச்சரின் செய்தி. என் பாடங்களைக் கன்னடத்தில் மாற்றியிருக்கிறாளாம். "ஒன்பதாவதுல ஒரு தப்பு இருந்துச்சு, திருத்திட்டேன். கோவிச்சுக்காதீங்க டீச்சர்."

கோபம்தான் வந்தது. யாருடி நீ, என் பாடத்துல தப்புக் கண்டுபிடிக்க? பாடத்தைத் திறந்து பார்த்தேன். பெர்மாங்கனேட் கரைசலுக்கு ப்யூரெட் குழாயில் திரவ மட்டத்து வளைவின் அடியைப் பார்த்து அளவெடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கரு ஊதாவில் அடி எங்கே தெரியும்? மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாததா? பழக்க தோஷத்தில் உளறியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21
ஒன்பதாம் பாடத்தைத் திருத்தி ஏற்றினேன். கீழே இப்போது இரண்டு பெயர்கள், என்னுடையதும் வினுதாவுடையதும்.

செப்டம்பர் 16
ராஜீவேட்டன் ஃபோன் செய்தார். "டீச்சரே, பிள்ளைங்க ப்யூரெட்டை வெச்சுக்கிட்டு முழிக்குதுங்க. அடியே தெரியலங்குது. பாடத்துல அப்படித்தான் இருக்குங்குது. புது சாரு உள்ள திருத்தலாம்னா, கடவுச்சொல் பிரின்சிபால்கிட்ட. அவரு லீவு."

திறந்திருக்கும் பாடத்தின் சுட்டியை அவருக்கு அனுப்பினேன். வர்க்கீஸ் சாருக்கும் ஒன்று அனுப்பினேன்.