பொரிப் பைக்குள் ஒரு தீப்பெட்டி

21 செப்டம்பர் 2025

விடுமுறையைத் தூங்கிக் கழிக்கிற ஆள் நான் இல்லை. விடிந்ததும் புஜைராவிலிருந்து துபாய்க்குப் பஸ், அப்புறம் மெட்ரோ, அப்புறம் டாக்சி. ஜபல் அலி கோயில். ஒரே மண்டபத்தில் முருகன், ஐயப்பன், கிருஷ்ணன், எனக்குப் பெயர் தெரியாத வடநாட்டுச் சாமிகள். எல்லாருக்கும் ஒரே ஏசி! பக்கத்திலேயே குருத்வாரா. அங்கே உட்காரவைத்து ரொட்டியும் பருப்பும் போட்டார்கள். நீ யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் வாங்கினேன்.

திரும்பும் வழியில் கராமாவில் இறங்கி, ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, சந்தனம், கற்பூரம் வாங்கினேன்.

ராதிகாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "எல்லாத்தையும் நீங்களே பாத்து முடிச்சிராதீங்க. எனக்கும் மிச்சம் வைங்க" என்றாள். கல்யாணமாகி எட்டு மாதம். சேர்ந்து இருந்தது இருபத்தாறு நாள். கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் அவளுக்கு ஃபேமிலி விசா போட்டுவிடலாம். கேட்டிருக்கிறேன்.

24 செப்டம்பர்

கடிதம் அடுத்த வாரம் தருகிறார்களாம். ஒற்றை அறை வீடு ஒன்றும் பார்த்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் மலை.

1 அக்டோபர்

நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் ரூமில் பூஜை. என் ஸ்பேனர்கள் சைட்டில் இருக்கின்றன, வெளியே கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் ஹெல்மெட்டுக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். சைட்டில் எல்லாருக்கும் கொடுக்கலாமென்று பொரி கடலையைப் பையில் கட்டிக்கொண்டேன். டூட்டி பஸ் ஹாரன் அடித்தது. அந்த அவசரத்தில் கற்பூர டப்பாவையும் தீப்பெட்டியையும் அதே பைக்குள் போட்டிருக்கிறேன்.

நான் வேலை செய்வது எண்ணெய் டாங்குகளுக்கு நடுவே, பம்ப் ஃபிட்டராக. தீப்பெட்டியோடு உள்ளே போனால் கேட் பாஸ் போகும், வேலையும் போகும். முதல் நாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொல்வதே அதைத்தான். சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வளர்ந்தவனுக்கு இது தெரியாதா?

கேட் வரிசையில் நிற்கும்போது பைக்குள் கைவிட்டால் தீப்பெட்டியும் டப்பாவும் தட்டுப்பட்டன. பின்னால் நின்ற ரூம்மேட் நாகலிங்கம் எட்டிப் பார்த்தான். "ஏய் பாஸ்கரு, அந்தக் குப்பை டிரம்முல போட்டுட்டு வாய்யா. எவன் பாக்கப் போறான்?" டிரம் நிறைய பேப்பர். சுவருக்கு அந்தப் பக்கம் டாங்கு. வெயிலைப் பார்த்தேன், டிரம்மைப் பார்த்தேன். மனசு வரவில்லை. நேரே செக்யூரிட்டியிடம் போய் இரண்டையும் எடுத்து நீட்டினேன்.

சேஃப்டி அதிகாரி சாலிம் வந்தார். இந்த ஊர்க்காரர், நம்மோடு ஹிந்தியில்தான் பேசுவார். "பாய், யே க்யா ஹை?" இது என்ன என்கிறார். கற்பூரத்தை மோந்து பார்த்துவிட்டு, விக்ஸா என்றார். பூஜைக்கு என்றேன். என்ன பூஜை? வேலை செய்கிற சாமானுக்கு. ஸ்பேனருக்கா? ஆமாம், அதுதானே சோறு போடுகிறது. அப்புறம் என் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும் வரை வரக்கூடாது.

பொரிப் பையை நாகலிங்கம்தான் உள்ளே கொண்டுபோனான்.

2 அக்டோபர்

விசாரணை முடியாமல் ஃபேமிலி விசாக் கடிதம் கிடையாதாம். ராதிகா போன். "டூட்டி எப்படிப் போகுது?" "நல்லாப் போகுது."

பொய். வேறென்ன சொல்ல?

4 அக்டோபர்

ரூமில் படுத்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. வடக்கே பிதியா என்ற ஊருக்குப் பஸ் ஏறினேன். சாலையோரம் ஒரு பழைய மண் பள்ளிவாசல், நம் வீட்டு மாட்டுத் தொழுவத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நாலு கும்மட்டம். உள்ளே குனிந்து போனால் ஒரே தூண், நாலையும் அதுதான் தாங்குகிறது. இதை எந்தக் கொத்தன் எப்படிக் கணக்குப் போட்டான்? சுற்றிச் சுற்றி வந்தேன். அங்கிருந்த காவலாளி சிரித்துக்கொண்டே ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. எனக்கும் ஒரே தூண்தான். அந்த பாஸ்.

8 அக்டோபர்

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சாலிம் கேட்டது ஒன்றே ஒன்று: டிரம்மில் ஏன் போடவில்லை? நாகலிங்கம் சொன்னது இவர் காதுக்கு எப்படிப் போனது?! "உள்ள நாகலிங்கமும் இருக்கான் சார், இன்னும் முந்நூறு பேரும் இருக்காங்க" என்பதை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். வெளியே போகச் சொன்னார்கள்.

எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு தடவை என்றால் ஊருக்கு டிக்கெட். பாஸ் திரும்பி வந்துவிட்டது!

19 அக்டோபர்

எங்கள் தங்குமிடத்திலேயே, புதிதாகச் சேர்ந்த நாற்பது பேர் முன்னால் சாலிம் என்னைப் பேசவிட்டார். ஊதுபத்தி, கற்பூரம், விளக்குத் திரி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிய தீப்பெட்டி, பையில் எதெது வரும் என்று சொன்னேன். ஐந்து பேர் எழுந்து ரூமுக்கு ஓடினார்கள்.

கடிதம் கைக்கு வந்துவிட்டது.

16 நவம்பர்

ராதிகா வந்து மூன்று நாள். மலையை இன்னும் ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

புதுப்பெண்ணுக்கென்று சாலிம் வீட்டிலிருந்து ஒரு ஹாட்பாக்ஸ் வந்தது. பலாலீத் என்று பெயராம். ஏலக்காய் போட்ட இனிப்புச் சேமியா, அதன் தலையில் ஆம்லெட்.

"பாயசத்து மேல ஆம்லெட்டா!" என்றாள். ஒரு வாய் வைத்தாள். உடனே இன்னொரு வாய்.

"யாருங்க இவரு? நமக்கு எதுக்கு அனுப்புறாரு?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. தீப்பெட்டி, பாஸ், விசாரணை, எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த ஒரு வாரமும் டூட்டி நல்லாப் போகுதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவினாள். துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கக் கூடாது. சாத்தூர் சேவு கொண்டுவந்திருக்கேன். அவங்க வீட்டுல காரம் தாங்குவாங்களா?"

"தாங்குவாங்கன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்க வேண்டாம். கேட்டுட்டு வந்து, உள்ளதச் சொல்லுங்க."